ஒரு கட்டில், இரண்டு ஷிப்டு

ஜனவரி 6, திங்கள்

இதை எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. மில் ஹாஸ்டலில் இருந்தபோது நாங்கள் எதை எழுதினாலும் வார்டனம்மா வாங்கிப் படிப்பாள். பேனாவைத் திறந்தாலே தப்புச் செய்வது போலத் தோன்றும் பழக்கம் அப்போது வந்தது, இன்னும் போகவில்லை. இந்த டைரியும் என்னுடையது இல்லை. உரக்கடைக்காரர் ஒருவர் இந்தச் சங்கத்துக்குக் கொடுத்தது, யாரும் எடுக்காமல் பீரோ மேல் கிடந்தது.

இன்று வேலையில் சேர்ந்தேன். பஞ்சாலைப் பெண் தொழிலாளர் சங்கம். திண்டுக்கல்லிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன டவுன். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சைக்கிள் கடைக்கு மேல் மாடி. ஒரு ஹால், கம்ப்யூட்டர் இருக்கும் சின்ன அறை, பின்னால் சமைக்க ஓர் இடம். மனுவும் நோட்டீசும் டைப் அடிக்க வேண்டும். இங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன் என்றதும் அமைப்பாளர் பாண்டியம்மாள் அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஆத்தி, பட்டதாரியா! இனி நம்ம மனுவப் படிச்சா ஆபீசருக்கே வெளங்காது போ." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

தலைவி லூர்தம்மாள் மத்தியானம் வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். பிறகு இன்னொரு செருப்பையும் கழற்றினார்.

"பேரு?"

"முனீஸ்வரி."

"ஊரு?"

"கமுதிப் பக்கம்."

"இங்க எல்லாரும் என்னைய அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. நீயும் அப்படியே கூப்பிடு."

தலையாட்டினேன். சாயங்காலம் குடிதண்ணீர் பிடித்து வந்து வைத்தேன். குழாயடியில் கூட்டம் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

லூர்து அக்கா அதிகம் பேசமாட்டார். மேடையில் மட்டும்தான் பேசுவார் என்று பாண்டியம்மாள் அக்கா சொன்னார். "வீட்டுல வாய்க்குப் பூட்டு, மைக்கப் பாத்தா சாவி." யாராவது சிக்கலான கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் கையில் இருக்கும் காகிதத்தை மடிப்பார். மடித்ததை மறுபடி மடிப்பார். இன்று மேஜையைத் துடைக்கும்போது கடுகளவுக்கு மடிந்த பஸ் டிக்கெட்டுகள் கிடைத்தன.

முன்பு இவ்வளவு மெலிவு இல்லை.

இதற்கு மேல் இன்று வேண்டாம்.

ஜனவரி 13, திங்கள்

காலையில் என் கீபோர்டு மேல் ஒரு கடலைமிட்டாய் இருந்தது. நாள் முழுவதும் அதைத் தின்னாமல் வைத்திருந்தேன். சாயங்காலம் பார்த்தால் எல்லோர் மேஜையிலும் காகிதம் கிடந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்குப் பாண்டியம்மாள் அக்கா வாங்கி வைத்ததாம்.

ஜனவரி 20, திங்கள்

ஒச்சாயி என்கிற அம்மா இன்று வந்து சேர்ந்தார். உசிலம்பட்டிப் பக்கம். அவர் மகள் சுகன்யா, இங்கே பக்கத்தில் ஒரு மில்லின் ஹாஸ்டலில் போன மாதம் இறந்துபோனாள். காய்ச்சல் என்று சொல்லியும் ஷிப்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மெஷினுக்குப் பக்கத்திலேயே விழுந்திருக்கிறாள். அவளுக்கு முன்பே நோய் இருந்தது என்று மில்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சங்கம் வழக்குப் போட்டிருக்கிறது. முடியும்வரை அந்த அம்மா இங்கேதான் இருப்பார்.

அவருடைய மனுவை நான்தான் டைப் அடித்தேன். "பிள்ளைக்கு வயசு என்னம்மா?" என்று கேட்டேன். "ஆடி வந்தா பத்தொம்பது தாயி" என்றார். பத்தொன்பது என்று அடிப்பதா, பதினெட்டு என்று அடிப்பதா என்று தெரியவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "எம்புள்ள பேரு அதுல எங்கிட்டு இருக்கு?" என்றார். விரல் வைத்துக் காட்டினேன். தானும் அதன் மேல் விரல் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று மில் கேட்டுக்கு எதிரே கூட்டம். சுகன்யாவுக்கு நீதி கேட்டு. வேப்பமரத்தடியில் சேர் போட்டு, ஆட்டோவில் மைக் கட்டி. வாரவிடுமுறை என்பதால் ஹாஸ்டல் பிள்ளைகள் சிலர் கடைக்குப் போவதாகச் சொல்லி வந்து ஓரமாக நின்றார்கள். மாவட்டச் செயலாளர் நல்லமுத்துத் தோழர் பேசினார். பிறகு லூர்து அக்கா மைக்கைப் பிடித்தார்.

"நானும் மில்லுல இருந்தவதான். நாங்க இருந்த ஹாஸ்டல்ல ரெண்டு பேருக்கு ஒரு கட்டிலு. ஒருத்தி வேலைக்குப் போனா இன்னொருத்தி படுக்கணும். எங்கூட ஒரு பிள்ளை இருந்தா. பேரு செல்வி" என்று ஆரம்பித்தார்.

இதைப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார் போல. எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் அடுத்தது என்ன வரும் என்று தெரிந்து முந்தானையை முன்கூட்டியே கையில் எடுத்துக்கொண்டாள்.

ஷிப்டு முடிந்து வருகிறவள் தூங்குகிறவளைக் கால் பெருவிரலை அமுக்கித்தான் எழுப்புவாள் என்று சொன்னார். எழுந்தவள் வந்தவளின் தலையில் ஒட்டிய பஞ்சை எடுத்துவிடுவாள் என்றார். தலையணைக்கு அடியில் செல்வி கடலைமிட்டாய் வைத்துவிட்டுப் போவாள் என்றார். ஒருநாள் செல்விக்குக் காய்ச்சல், லீவு கொடுக்கவில்லை, நைட் ஷிப்டு பார்த்துவிட்டு வந்து படுத்தாள்.

"சாயந்தரம் நான் வந்தேன். பெருவிரலை அமுக்குனேன். எந்திரிக்கல. திரும்ப அமுக்குனேன். சில்லுன்னு இருந்துச்சு."

மைக்கைக் கீழே இறக்கிவிட்டு அழுதார். ஒச்சாயி அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஓரமாக நின்ற பிள்ளைகள் அழுதார்கள். நல்லமுத்துத் தோழர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பெருவிரல் உண்மை. பஞ்சு உண்மை. கடலைமிட்டாய் உண்மை.

செல்வி என்று யாரும் இல்லை. அந்தக் கட்டிலில் படுத்தவள் நான்.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று டைப் அடிக்கும்போது நிறையப் பிழை. தோழர் இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தார்.

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். அந்த ஹாஸ்டலில் எல்லாக் கட்டிலும் அப்படித்தான். அவர் பகல் என்றால் நான் நைட், அடுத்த வாரம் மாறும். பெயர் சொல்லி எழுப்பினால் மற்றவர்கள் விழித்துத் திட்டுவார்கள், அதனால்தான் பெருவிரல். ஷிப்டு மாறுகிற நேரத்தில் பஞ்சை எடுத்துவிடும் அளவுக்குத்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்போம். நான் வரும்போது கட்டில் அவர் சூட்டோடு இருக்கும். அவர் வரும்போது என் சூட்டோடு. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது. அன்றைக்கு ஒரு கட்டிலுக்கு இரண்டு பேரும் உண்டு. மற்றக் கட்டில்களில் ஒருத்தி பாயை எடுத்துக்கொண்டு தரைக்குப் போய்விடுவாள். நாங்கள் இரண்டு பேரும் தரைக்குப் போகவில்லை. சுவர்ப் பக்கம் அவர், வெளிப் பக்கம் நான்.

நான் அவரை ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்டனம்மா கதவைத் தட்டாமல் வந்தாள். மறுநாள் மேனேஜர் ரூமில் எங்கள் இருவரையும் நிற்க வைத்தார்கள். "நான் தூங்கிக்கிட்டு இருந்தேன் சார். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவர் சொன்னார். என்னிடம் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. அப்பாவை வரவழைத்தார்கள். "பிள்ளைக்கு ஒழுக்கம் சரியில்ல, கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். அப்பா என்ன ஏது என்று கேட்கவில்லை, துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிட்டார். கேட்டுக்கு வெளியே பஸ் ஏறும்போது திரும்பி மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்தேன். வலை அடித்த ஜன்னல். யாரோ நிற்பது போலவும் இருந்தது. யாரும் இல்லாதது போலவும் இருந்தது.

அப்பா அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. தபாலில் படித்து டிகிரி வந்த அன்று மட்டும் சர்டிபிகேட்டை வாங்கித் தடவிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

வேலை கிடைத்தால் போதும் என்றுதான் இங்கே வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பேப்பரில் அவர் படம் வந்திருந்ததைப் பார்த்துத்தான் வந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று நடந்ததில் யார் மேலும் குற்றம் இல்லை. என் கை செய்தது.

கையெழுத்து வாங்கக் கிராமம் கிராமமாகப் போய்விட்டு வந்து, மத்தியானம் ஹாலில் சுவரோரம் பாயில் லூர்து அக்கா கண் அயர்ந்துவிட்டார். கலெக்டர் ஆபீசிலிருந்து போன். "அக்காவ எழுப்புமா" என்றார் தோழர். நான் போய்க் குனிந்து கால் பெருவிரலை அமுக்கினேன்.

அவர் கண் திறக்கவில்லை. தூக்கத்திலேயே சுவர்ப் பக்கம் நகர்ந்து, தலையணையின் பாதியை இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு இடம் விட்டார். பிறகுதான் விழித்தார். என் முகத்தைப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து புடவையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பாண்டியம்மாள் அக்கா பார்த்துவிட்டார்.

"ஏண்டி, என்ன பண்ற நீ? செல்வி செஞ்சத செஞ்சு காட்டுறியா? அது என்ன வெளையாட்டு? அக்கா அந்தப் பிள்ளைய நெனச்சு உருகிப்போயிக் கெடக்காக, நீ வந்து காலப் புடிச்சு அமுக்குற! படிச்ச திமிரா?"

"இல்லக்கா..."

"என்ன நொல்லக்கா? செத்தவ மாதிரி நடிச்சுக் காட்டுனா நல்லாவா இருக்கு?"

நான் லூர்து அக்காவைப் பார்த்தேன். அவர் கலெக்டர் ஆபீஸ் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க பாண்டி. தெரியாமச் செஞ்சிருச்சு" என்றார். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டார்.

ஒச்சாயி அம்மா சாயங்காலம் என்னிடம் ஒரு வடையைக் கொடுத்தார். "அழுகாத. ஒனக்கு வெளையாடுற வயசுதான" என்றார்.

பிப்ரவரி 12, புதன்

நோட்டீஸ் ஆயிரம் மடித்தோம். 

பிப்ரவரி 19, புதன்

மார்ச் 8, பெண்கள் தினத்தன்று மாநாடு. மேடைக்குப் பின்னால் பெரிய ப்ளெக்ஸ் வைப்பதென்று முடிவு. ஒரு பக்கம் சுகன்யா படம். மறுபக்கம் செல்வி படம் வேண்டும் என்று தோழர் சொன்னார். செல்விக்குப் போட்டோ இல்லை என்றார் லூர்து அக்கா. அவர் குரல் மாறவில்லை.

"அப்ப ஒண்ணு செய்யலாம். மொகம் வேணாம். ஒரு பிள்ளை முதுகு காட்டி நிக்கட்டும். ஜடை, ஜடையில பஞ்சு. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவா இருக்கும்" என்றார் தோழர். நல்ல யோசனைதான். சுற்றிப் பார்த்தார். "முனீஸ்வரி நில்லும்மா. ஒனக்குத்தான் ஜடை நீளம்."

"வேற பிள்ளை பாக்கலாம்" என்றார் லூர்து அக்கா.

"ஏங்க்கா? நல்லாத்தான இருக்கு!" என்று பாண்டியம்மாள் அக்கா என்னைப் பிடித்துச் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். அன்று திட்டியதற்குச் சமாதானம் செய்கிறார் என்று தெரிந்தது. தலையணையைப் பிரித்துப் பஞ்சு எடுத்து என் ஜடையில் செருகினார். "அசையாதடி. செல்வி மாதிரி நில்லு."

செல்வி மாதிரி நின்றேன். சுவரில் காரை பெயர்ந்த இடம் ஒரு ஆட்டுத்தலை போல இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ப்ளெக்ஸ் கடைக்காரர் போனில் எடுத்தார். அவர்கள் எல்லோரும் கீழே இறங்கிப் போன பிறகும் திரும்பாமல் நின்றேன். பின்னால் யாரோ இருந்தார்கள், மூச்சு கேட்டது. பஞ்சை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். பிறகு படியில் செருப்புச் சத்தம்.

பஞ்சை நானே எடுத்துக்கொண்டேன். பின்னால் இருப்பது கைக்குச் சரியாக வரவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

காலையில் அம்மா போன் செய்தாள். மிளகாய் பறித்துக் களத்தில் காயப் போட்டிருக்கிறார்களாம். நெடி தாங்காமல் பேசும்போதே தும்மினாள். "சாப்புட்டியா? துணிமணி தொவைக்க எடம் இருக்கா?" என்று எப்போதும் கேட்பதைக் கேட்டாள். அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். ஒச்சாயி அம்மா கையைச் சோற்றில் வைத்தபடி, "லூர்தம்மா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார்.

"சொல்லுங்கம்மா."

"அந்தச் செல்வியோட ஆத்தா எந்த ஊருல இருக்கா? என்னைய ஒருக்கா கூட்டிட்டுப் போறியா? எங்க ஊர்ல எல்லாரும் அழுகாத அழுகாதங்குறாக. அவகளுக்கு என்ன தெரியும்? அவளுக்குத் தெரியும்ல. நானும் அவளும் சும்மா செத்த நேரம் ஒக்காந்துட்டு வந்துருவோம்."

 லூர்து அக்கா அப்பளத்தை ஒடித்தார். ஒடித்ததை மறுபடி ஒடித்தார்.

"அவங்களும் இல்லம்மா. பிள்ளை போன ஏக்கத்துலயே செத்துட்டாங்க" என்றார்.

"ஆத்தாடி" என்றார் ஒச்சாயி அம்மா. "குடுத்து வச்சவ."

நான் எழுந்து கை கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

கேட்டுவிட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை. ஐந்து வருடமாக மனசுக்குள் எத்தனையோ விதமாகப் பேசிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். நானும் போய்க் கொடியின் மறுபக்கத்தில் நின்றேன். நடுவில் ஒச்சாயி அம்மாவின் சேலை காய்ந்துகொண்டிருந்தது. முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

"எங்கம்மாவ எதுக்குக் கொன்னீங்க?"

கொடி ஆடுவது நின்றது.

"நேத்துக் காலையிலதான் எங்கிட்டப் பேசுச்சு. மொளகா காயப் போட்டுருக்கு."

"கீழ ஒச்சாயி இருக்காங்க. மெல்லப் பேசு."

"நான் என்னைக்குச் சத்தமாப் பேசியிருக்கேன்?"

சேலைக்கு அந்தப் பக்கம் க்ளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவது கேட்டது.

"என்னையச் சொன்னீங்க, சரி. எதுக்குச் சாகடிச்சீங்க? எப்ப தோணுச்சு?"

இன்னொரு க்ளிப்பையும் கழற்றிவிட்டுப் பேசினார்.

"நானும் மில்ல விட்டு வந்து, சங்கத்துல சேந்து, மொத மொதல்ல மைக்கப் புடிச்சப்ப கட்டிலப் பத்தித்தான் பேசுனேன். வேற எதுவும் எனக்குப் பேசத் தெரியல. முடிச்சதும் ஒருத்தர் எந்திரிச்சு, அந்தப் பிள்ளை இப்ப எங்கன்னு கேட்டாரு."

"ஊருக்கு அனுப்பிட்டாங்கன்னு சொல்லியிருக்கலாம்ல? அதுதான நடந்துச்சு?"

"அனுப்பிட்டாங்கன்னு சொன்னா எதுக்குன்னு கேப்பாங்க, முனீசு."

இங்கே வந்த பிறகு அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் எல்லாம் கரைந்துவிடும் போல இருந்தது. கரையக் கூடாது என்று கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டா?"

அவர் ஒரு துணியை உதறினார்.

"கேட்டா என்ன சொல்வீங்க? தூங்கிக்கிட்டு இருந்தேன் சார்னா?"

சேலை கொஞ்சம் விலகியது. அவர் துணிமூட்டையைக் கட்டிப்பிடித்திருந்தார். அவருடைய கண் வறண்டிருந்தது.

"அன்னைக்கு நானும் உண்மையச் சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் அனுப்பியிருப்பாங்க. அவ்வளவுதான் நடந்திருக்கும். இப்ப நான் சொன்னா என்ன நடக்கும்னு யோசி. செல்வி பொய்யின்னு மில்காரன் வக்கீல் எந்திரிப்பான். அப்ப சுகன்யாவும் பொய்யிம்பான். எதுக்கு ஒன்னைய ஹாஸ்டல்ல இருந்து அனுப்புனாங்கன்னு வார்டனக் கூட்டிட்டு வந்து சொல்ல வைப்பான். தலைவி இப்பிடிப்பட்டவன்னு ஊர் ஊரா நோட்டீஸ் அடிப்பான். எந்த அப்பன் தன் பிள்ளைய நம்ம கூட்டத்துக்கு விடுவான்? ஒச்சாயிக்கு நான் என்ன சொல்லட்டும்? நீயே சொல்லு. படிச்சவதான?"

நான் படித்தவள்தான்.  அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"மேடையில அழுகுறீங்களே" என்றேன். "அது?"

"அது நெஜம்."

"நான் இங்க உயிரோட நிக்கிறேன். பக்கத்து ரூம்லதான் டைப் அடிக்கிறேன்."

"தெரியும்" என்றார். "அதான் இப்ப இன்னும் நல்லா அழுக வருது."

இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கீழே இருந்து பாண்டியம்மாள் அக்கா, "துணி எடுக்கப் போனவுக துணியோட பறந்துட்டீகளா?" என்று கத்தினார். அவர் உடனே, "வர்றேன் பாண்டி" என்று தலைவியின் குரலில் சொல்லிவிட்டு இறங்கினார். ஒச்சாயி அம்மாவின் சேலையை நான் எடுத்து மடித்தேன்.

ஒன்று கேட்க நினைத்திருந்தேன். அதைக் கேட்கவே இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

மாநாட்டு அழைப்பிதழ் அச்சாகி வந்தது. "செல்வி நினைவு மேடை" என்று போட்டிருக்கிறது. டைப் அடித்தது நான்தான். பிழை இல்லை.

மார்ச் 8, சனி

நல்ல கூட்டம். கல்யாண மண்டபம் கொள்ளவில்லை. மில் பிள்ளைகளே வேன் பிடித்து வந்திருந்தார்கள். இது வரை இப்படி வந்ததில்லை என்றார் தோழர். சந்தோஷத்தில் எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மேடைக்குப் பின்னால் ப்ளெக்ஸ். சுகன்யா சிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட அடையாள அட்டைப் படம். பக்கத்தில் என் முதுகு. சுகன்யாவுக்கு ரோஜா மாலை போட்டார்கள். ஒச்சாயி அம்மா தன் கையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி எனக்கும் வைத்தார். அதாவது செல்விக்கு. "ஆத்தாளும் இல்லாத பிள்ளை" என்றார். பிறகு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

லூர்து அக்கா பேச வந்தார். கட்டில். பஞ்சு. பெருவிரல். மண்டபம் முழுவதும் மூச்சுவிடாமல் கேட்டது. காய்ச்சல் வந்த இடத்துக்கு முன்னால் நிறுத்தினார். கூட்டத்தில் தேடினார். சவுண்ட் பாக்ஸ் பக்கத்தில் நான் இருந்தேன். பார்த்துவிட்டார்.

மில் கேட்டுக் கூட்டத்தில் இந்த இடத்தில் இப்படி நிறுத்தவில்லை. மைக் இரைந்தது. யாரோ தண்ணீர் கொண்டு போனார்கள், வாங்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் காதாக இருந்தது. மாற்றிச் சொல்லப் போகிறார் என்று தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது. ஒச்சாயி அம்மா என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

முதல் வரிசையில் சுகன்யாவுடன் வேலை பார்த்த பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கண் அவர்களிடம் போயிற்று. காய்ச்சலையும் நைட் ஷிப்டையும் சொன்னார்.

"சில்லுன்னு இருந்துச்சு" என்றார்.

மண்டபமே அழுதது. முன்னால் இருந்த ஒரு பெண் திரும்பி என்னைப் பார்த்து, "ஒனக்கு அழுகை வரலையா? நல்ல கல்லுடி நீ" என்றாள். ஒச்சாயி அம்மா அவளை அதட்டினார். "அவளச் சொல்லாத. அவளுக்கு உள்ளுக்குள்ள போகுது."

மார்ச் 9, ஞாயிறு

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன் என்று சொன்னேன். என் பங்குக்கு நானும் அம்மாவை இழுத்துவிட்டேன்.

"போயிட்டு எப்பம்மா வருவ?" என்றார் தோழர். பாண்டியம்மாள் அக்கா முறுக்கு கட்டிக் கொடுத்தார். "சீக்கிரம் வாடி. நீ இல்லாம இந்தக் கம்ப்யூட்டரு யாரு பேச்சக் கேக்கும்?" ஒச்சாயி அம்மா நெற்றியில் விபூதி வைத்தார்.

லூர்து அக்கா சின்ன அறையில் வக்கீலுடன் இருந்தார். கதவு சாத்தியிருந்தது. சாத்திய கதவுக்கு முன்னால், "போயிட்டு வர்றேன்க்கா" என்றேன். உள்ளே பேச்சு நின்றது. "சரி" என்றார்.

பஸ் நிலையத்திலிருந்து பார்த்தால் சங்கத்து மாடி ஜன்னல் நேராகத் தெரியும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இருக்கை கிடைத்தது. திரும்பிப் பார்த்தேன். மண்டபத்திலிருந்து கழற்றிய ப்ளெக்ஸை வீணாக்க வேண்டாம் என்று மாடிக்கு வெளியே கட்டியிருந்தார்கள். அது ஜன்னலை முழுவதும் மூடியிருந்தது. என் ஜடை கீழே சைக்கிள் கடை வரை தொங்கியது. அதற்குப் பின்னால் யாராவது நின்றார்களா என்று தெரியாது.

மார்ச் 10, திங்கள்

வீடு. அம்மா களத்தில் மிளகாய் கிளறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் என் பையைப் பார்த்தாள். "அங்க ஒன்னைய யாரும் எதுவும் சொன்னாகளா?" என்றாள். இல்லை என்றேன். நானும் கிளறினேன். அப்பா வந்தார், கயிற்றுக் கட்டிலில் இருந்த துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

டைரியில் இன்னும் நிறையப் பக்கம் இருக்கிறது. உரக்கடைக்காரர் மன்னிக்க வேண்டும், நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். இதைக் கிழித்து அனுப்பவும் போவதில்லை. எங்கே வைத்தாலும் யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் இவ்வளவு நாளும் அவர், இவர் என்று எழுதினேன். இந்த ஒரு பக்கத்தில் மட்டும் பழையபடி எழுதுகிறேன்.

லூர்து, மொட்டைமாடியில் உன்னிடம் கேட்காமல் விட்டது இதுதான். என் பெயரைச் சொல்ல வேண்டாம். நம்மைப் பற்றி யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். சுகன்யா வழக்கு முடியட்டும், ஒச்சாயி அம்மா ஊர் போய்ச் சேரட்டும். அதற்குப் பிறகு என்றாவது, எங்காவது ஒரு சின்னக் கூட்டத்தில், பத்துப் பேர் இருந்தால் போதும், ஒரே ஒரு தடவை செல்வியைச் சாகடிக்காமல் விடு. அவளைப் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பு. எதுக்கு அனுப்பினார்கள் என்று கேட்பார்கள். நீ பேசாமல் காகிதத்தை மடித்துக்கொண்டு நில். அவள் திரும்பிப் பார்த்தபோது நீ ஜன்னலில் நின்றாய் என்று மட்டும் சொல்.

நின்றிருக்காவிட்டாலும் நின்றாய் என்றே சொல், லூர்து.